நடுக்கோட்டுக்குத் திரும்பும் கால்: கபடி மாணவிக்குப் பிலாட்டீஸ் கற்பித்தல் – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் மாணவி ஒரே ஒருத்தி அல்ல. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டப் பள்ளிகளில் கபடி ஆடும் பெண்களிடம் வழக்கமாகச் சேர்ந்தே வரும் குறைகளை ஓர் ஆளாகத் தொகுத்து எழுதிய மாதிரி நிகழ்வு இது. அளவுகளும் அதற்கேற்ப எடுத்துக்கொண்டவையே. எந்த அளவு வந்தால் பயிற்றுநர் என்ன முடிவெடுக்க வேண்டும் என்று காட்டத்தான் அவை இருக்கின்றன. பிலாட்டீஸ் (மூச்சோடு இணைத்து, பெரும்பாலும் பாயில் படுத்துச் செய்யும் உடற்பயிற்சி முறை) கற்பிப்பவர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், விளையாட்டுப் பிள்ளைகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

சொல்ல வருவது ஒன்றுதான். பாயில் படுத்துச் செய்யும் பயிற்சி அழகாக வந்துவிட்டது என்பதாலேயே களத்தில் நிமிர்வும் நிலையும் வந்துவிடாது. படுத்தபடி கற்றதை நாலுகால் நிலை, முட்டி நிலை, ஒற்றைக்கால் நிலை என்று ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் வாயால் கபடி பாடிக்கொண்டே செய்யும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பல வகுப்புகள் பாயோடு நின்றுவிடுகின்றன. பிள்ளை புதுப்புதுப் பயிற்சிகளைக் கற்கிறாள், ஆட்டத்தில் மட்டும் எதுவும் மாறுவதில்லை.

மாணவியும் அவள் சொன்ன குறைகளும்

வயது 17, பிளஸ் டூ, காவேரிப்பட்டணத்தை அடுத்த கிராமம். உயரம் 156 செ.மீ., எடை 49 கிலோ. பள்ளி அணியில் ரெய்டர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவள். காலையில் ஒன்றரை மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் மண் தரையில் ஆட்டம். மூன்று குறைகளோடு வந்தாள். மாலை ஆட்டம் முடிந்தால் இடுப்புக்கு மேல் முதுகு இறுகிப்போகிறது. 10-க்கு 5 என்று அவளே மதிப்பிட்டாள். எதிரணிக் கார்னரை (ஓரத்தில் நின்று தடுப்பவரை) கால் நீட்டித் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பும்போது இடது காலில் நிலை தவறுகிறது. மூன்றாவது, பி.டி. சார் தினமும் சொல்வது: "கூன் போடாத, நிமிந்து நில்லு."

எட்டு மாதங்களுக்கு முன் இடது கணுக்கால் பிசகியிருக்கிறது. எண்ணெய்க் கட்டு போட்டு மூன்று வாரத்தில் களத்துக்குத் திரும்பியிருக்கிறாள். இடையில் பயிற்சி எதுவும் இல்லை. வீட்டில் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் எடுத்து வருவது அவள் வேலை, குடம் எப்போதும் இடது இடுப்பில். இந்த இரண்டு தகவலும் கேட்காமல் வராது. "வேறு ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்ல மிஸ்" என்றுதான் பதில் வரும். "வீட்டுல தண்ணி யாரு எடுக்கறது கண்ணு? எந்தப் பக்கம் குடம் வெப்ப?" என்று கேட்க வேண்டும்.

பயிற்சிக்கு முன் தள்ள வேண்டிய சந்தேகங்கள்

வளரும் வயதில் விளையாடும் பிள்ளைக்குக் கீழ்முதுகு வலி என்றால் முதலில் நினைக்க வேண்டியது முள்ளெலும்பு வளையத்தில் வரும் அழுத்த முறிவு. முதுகைப் பின்னால் வளைக்கும்போது, குறிப்பாக ஒற்றைக்காலில் நின்று வளைக்கும்போது, ஒரு பக்கமாகக் குத்துவது அதன் வழக்கமான அடையாளம். அந்தச் சோதனை மட்டுமே போதாது, தவறவிடும். ஓடினாலோ குதித்தாலோ கூடுகிற, வாரக்கணக்கில் நீடிக்கிற வலி என்றால் சோதனை சரியாக வந்தாலும் எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இவளுக்கு வலி இரு பக்கமும் பரவிய இறுக்கம்தான். பின்வளைவில் கூடவில்லை, இரவில் எழுப்பவில்லை, கால் மரத்துப்போகவில்லை.

அடுத்தது முதுகெலும்புக் கோணல். ஒரு பக்கமாகவே குடம் இடுக்கும் பிள்ளை சாய்ந்து நிற்பதைப் பார்த்ததும் "பழக்கதோஷம்" என்று விட்டுவிடக் கூடாது. கால்களைச் சேர்த்து நின்று, உள்ளங்கைகளை ஒட்டி, மெதுவாக முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். விலா ஒரு பக்கம் மேடாக எழும்பினால் அது பழக்கம் அல்ல. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் எலும்புப் பிரிவில் காட்டிய பிறகே மேற்கொண்டு பேச வேண்டும். இவளுக்கு மேடு இல்லை, குனிந்ததும் சாய்வும் மறைந்தது.

மூன்றாவது இந்த இரண்டு மாவட்டங்களுக்கே உரியது. சிரிக்கும்போது அவள் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் தெரிந்தன. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். 2013-ல் அது செயல்பாட்டுக்கு வந்தது. பல்லில் கறை இருப்பதால் எலும்பும் பாதிக்கப்பட்டிருக்கும் என்று பொருளில்லை. பல் உருவாகும் சின்ன வயதில் குடித்த நீரை மட்டுமே கறை சொல்கிறது. ஆனால் எலும்பு பாதித்தால் முதுகெலும்பும் மூட்டுகளும் விறைக்கும். அப்படி விறைத்த முதுகை உருட்டிப் பிசையும் பிலாட்டீஸ் பயிற்சிகள் வலியைத்தான் தரும்.

இதற்குக் களத்திலேயே செய்யக்கூடிய மூன்று எளிய சோதனைகள் உண்டு. முட்டி மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடுவது. தாடையை மார்பில் படவைப்பது. கைகளைப் பக்கவாட்டில் விரித்து மடக்கிப் பின்னந்தலையைத் தொடுவது. மாணவிக்கு மூன்றும் வந்தன. துணைக்கு வந்திருந்த அவள் அம்மாவுக்கு, நாற்பதைத் தாண்டியவர், முதலாவதும் மூன்றாவதும் வரவில்லை. "எனக்கும் சொல்லிக் குடுங்க மிஸ், முதுகு கட்டையா கெடக்குது" என்று அவர் கேட்டார். வகுப்பில் சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவர் அவர்தான். மூன்றில் ஒன்று வராததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் வருடக்கணக்கில் போர்வெல் தண்ணீர் குடித்த பெரியவருக்கு முதுகு விறைப்பு என்றால் ஃபுளோரைடு பாதிப்பு இல்லை என்று தெரிந்த பிறகே பாயை விரிக்க வேண்டும். இப்பகுதியில் பிலாட்டீஸ் கற்பிக்கும் ஒவ்வொருவரும் இந்த மூன்று சோதனைகளையும் சேர்க்கைப் படிவத்திலேயே வைத்துவிடலாம். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகாது.

மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் களத்துக்குப் போகிறாளா என்பதையும் கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் ஆடுவதும் ரத்தசோகையும் இந்த வயதுப் பெண்களிடம் சாதாரணம். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் எந்த நிமிர்வுப் பயிற்சியும் அவளை ஐந்தாவது ரெய்டில் காப்பாற்றாது. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தாள். அதை விழுங்க வைப்பதும் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தது.

அளந்தது

குதிகால், பிட்டம், மேல்முதுகு மூன்றும் சுவரில் பட நின்று இயல்பாகப் பார்க்கச் சொன்னபோது பின்னந்தலைக்கும் சுவருக்கும் நடுவே 4 செ.மீ. இடைவெளி. "நிமிர்ந்து நில்" என்றதும் தலை சுவரைத் தொட்டது, ஆனால் மோவாய் மேலே போனது, கீழ்விலா முன்னால் பிதுங்கியது, இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கை மட்டும் நுழைந்த இடத்தில் இப்போது முஷ்டி நுழைந்தது. அதாவது மேல்முதுகின் வளைவு அப்படியே இருக்கிறது, கீழ்முதுகை ஒடித்து அதை மறைக்கிறாள். தினமும் நூறு முறை "நிமிந்து நில்லு" என்று கேட்ட உடல் கற்றுக்கொண்டது இதைத்தான். மாலை இறுக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பதே அப்போதைய ஊகம். ஊகம் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் நிற்கும் விதத்துக்கும் முதுகுவலிக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று உறுதியாக நிறுவப்படவில்லை.

நிலைத்தன்மைக்கு ஒய் சோதனை. தரையில் மூன்று டேப்: ஒன்று நேர் முன்னால், மற்ற இரண்டும் பின்னால், ஒவ்வொன்றும் முன்கோட்டிலிருந்து 135 பாகை. நடுவில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் கால் நுனியால் ஒவ்வொரு கோட்டிலும் எவ்வளவு தூரம் தொட முடிகிறது என்று அளப்பது. தொட்ட காலில் பாரம் போடக் கூடாது, நிற்கும் குதிகால் எழக் கூடாது. பழகப் பழகவே தூரம் கூடும் சோதனை இது. அதனால் ஒவ்வொரு திசையிலும் சில ஒத்திகை கொடுத்த பிறகே மூன்று முறை அளந்து அதிகமானதை எடுக்க வேண்டும். கால் நீளம், இடுப்பு எலும்பின் முன்முனையிலிருந்து உள்கணுக்கால்வரை, 82 செ.மீ. இடது காலில் நின்றபோது முன்னால் 50, பின்-உள் 80, பின்-வெளி 76. வலது காலில் நின்றபோது 56, 84, 80. மூன்றையும் கூட்டி, கால் நீளத்தின் மும்மடங்கால் வகுத்தால் இடது 84 சதவீதம், வலது 89. கூட்டுமதிப்பெண்ணைவிட முன்திசை வித்தியாசம் முக்கியம்: 6 செ.மீ. நான்குக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது பரவலான நடைமுறை.

முன்திசையில் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் கணுக்கால். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையிலிருந்து எழாமல் முட்டியால் சுவரைத் தொடச் சொல்லி, பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்தால் வலது 11 செ.மீ., இடது 7. பழைய பிசகு அங்கேயே உட்கார்ந்திருந்தது. கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்றபோது வலது 17 விநாடி, இடது 8. இடது காலில் பாதி உட்கார்ந்தால் முட்டி பெருவிரலையும் தாண்டி உள்ளே போனது. நின்று எட்டிக் குதிக்கும் உயரம், சுவரில் சாக்பீஸ் குறி வைத்து, 31 செ.மீ.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் அவள் களத்தில் தடுமாறுவது "கோர் வீக்" (வயிறு, முதுகுத் தசைகளில் பலம் குறைவு) என்பதால் மட்டும் அல்ல. மடங்காத கணுக்கால், உள்ளே விழும் முட்டி, விலாவைப் பிதுக்கி நிற்கும் பழக்கம், இவை மூன்றும் சேர்ந்தது. கணுக்காலை விட்டுவிட்டு வயிற்றுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் இவளுக்கு வகுத்த பன்னிரண்டு வாரத் திட்டமும் வீண்.

முதல் மூன்று வாரம்

வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் 15 நிமிடம். ஸ்பிரிங் வைத்த ரிஃபார்மர் கருவி எதுவும் தேவைப்படவில்லை. கடையில் கிடைக்கும் 4 மி.மீ. யோகா பாய் முதுகை உருட்டும் பயிற்சிக்குப் போதாது, முள்ளெலும்பு தரையில் இடிக்கும். 10 மி.மீ. பாய் வேண்டும், இல்லையென்றால் ஜமுக்காளத்தை நாலாக மடித்து அடியில் போட்டால் போதும். ஒரு துண்டு, ஒரு துப்பட்டா, ஒரு ரப்பர் பட்டை, ஒரு எவர்சில்வர் டம்ளர். பயிற்றுநர் பெண்ணாக இருந்தாலும் தொட்டுத் திருத்தும் முன் ஒவ்வொரு முறையும் கேட்பது வழக்கமாக இருக்க வேண்டும். பதினெட்டு நிரம்பாத பிள்ளை என்பதால் அம்மாவின் சம்மதம் எழுத்தில் வாங்கப்பட்டது.

ஜோசப் பிலாட்டீஸ் 1945-ல் வெளியிட்ட நூலில் 34 பாய்ப் பயிற்சிகள் இருக்கின்றன, முதலாவது ஹண்ட்ரட். தலையைத் தூக்கி, கால்களை நீட்டித் தூக்கி, ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து ஐந்துக்கு விட்டு, கைகளை நூறு முறை தட்டுவது. நூல் வரிசைப்படியே போக வேண்டும் என்று நினைத்து முதல் நாளே இதைக் கொடுப்பது இன்றும் நடக்கிறது. முதல் வகுப்பில் வந்த பிள்ளை அதைச் செய்தால் என்ன ஆகும் என்பது தெளிவு: கழுத்து முன்தசை விறைக்கும், வயிறு கூம்பாக மேலே எழும்பும், கால் பாரம் தொடையிடுக்குத் தசை வழியாகக் கீழ்முதுகை இழுக்கும். மறுநாள் "கழுத்து வலிக்குது மிஸ்" என்பாள். அடுத்த வகுப்புக்கு வராமலும் போகலாம்.

அதனால் தொடக்கம் மூச்சு. மல்லாந்து படுத்து, முட்டி மடக்கி, கீழ்விலாவின் இரு பக்கமும் கை வைத்து, மூச்சிழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரிவதை உணரச் செய்வது. விடும்போது வாய்வழியே நான்கைந்து விநாடி. "தொப்புளை முதுகோடு ஒட்டு" என்ற கட்டளை இங்கே கெடுதல்தான். பிள்ளை முழு பலத்தோடு வயிற்றை உள்ளிழுத்து, மூச்சைப் பிடித்து, இடுப்பைத் தரையோடு நசுக்குவாள். சுடிதார் நாடாவை ஒரு சுற்று இறுக்குவதுபோல, மூச்சு தடைபடாத அளவுக்கு என்று சொன்னதும் சரியாக வந்தது.

பிறகு இடுப்பு சாய்த்தல், ஒரு காலாக மாற்றி மாற்றி விரல்நுனியைத் தரையில் தட்டுதல், பாலம் (மல்லாந்து முட்டி மடக்கி இடுப்பைத் தூக்குவது), பக்கவாட்டில் படுத்துக் கால் தூக்குதல், நாலுகால் நிலையில் எதிரெதிர்க் கை கால் நீட்டல். ஒவ்வொன்றும் 8 முதல் 10 முறை, ஒரு முறைக்கு ஒரு மூச்சு.

பாலத்தில் இரண்டாவது வகுப்பிலேயே தொடைப் பின்தசை பிடித்துக்கொண்டது. பாதம் தூரத்தில் இருந்தால் இப்படித்தான்: பிட்டத் தசை செய்ய வேண்டிய வேலை முழுவதையும் ஹாம்ஸ்ட்ரிங் எடுத்துக்கொள்ளும். படுத்தபடி கையை நீட்டினால் நடுவிரல் குதிகாலைத் தொடும் தூரத்துக்குப் பாதத்தைக் கொண்டுவந்து, உயரத்தைப் பாதியாகக் குறைத்ததும் பிடிப்பு நின்றது. விலா பிதுங்கும் அளவுக்கு இடுப்பைத் தூக்குவது பாலம் அல்ல, முதுகை ஒடிப்பது.

நாலுகால் நிலையில் டம்ளர். இடுப்புக்கும் பிட்டத்துக்கும் இடைப்பட்ட தட்டையான எலும்பின் மேல் அரை டம்ளர் தண்ணீர் வைத்து, ஒரு காலை மட்டும் பின்னால் நீட்டச் சொல்வது. கால் தூக்கப்பட்டதும் இடது பக்கம் இடுப்பு தொங்கித் தண்ணீர் சரிந்தது. வலது காலை நீட்டியபோதுதான் அப்படி. பாரம் தாங்கிய இடது இடுப்பு பக்கவாட்டில் வழுக்கியது. குடம் இடுக்கும் பக்கமும் பிசகிய காலும் ஒன்றே என்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. கால் நீட்டாமல், முட்டியை ஒரு விரல் உயரம் மட்டும் எழுப்பி நிறுத்துவது வரை பயிற்சி இறக்கப்பட்டது. மூன்றாம் வாரக் கடைசியில் கால் முழுதும் நீண்டும் தண்ணீர் அசையவில்லை. எத்தனையோ வாய்க் கட்டளைகளைவிட அந்த டம்ளர் வேகமாகக் கற்றுக்கொடுக்கிறது. காரணம், சரியா தப்பா என்பதைப் பிள்ளையே உடனே உணர்ந்துகொள்கிறாள், பயிற்றுநரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை.

கணுக்காலுக்கு முட்டி-சுவர் அசைவு 10 முறை இரண்டு சுற்று, குதிகால் எழுப்பல் 12 முறை மூன்று சுற்று, தினமும். இவை பழைய பாய்ப் பயிற்சி வரிசையில் இல்லை. தேவைப்பட்டதால் சேர்க்கப்பட்டன.

நான்கு முதல் ஏழு வாரம்

இந்தக் கட்டத்தில் மூன்று பயிற்சிகள் மட்டும் புதிதாக வந்தன: பாதி உருண்டு சாய்தல், பக்கவாட்டு உதை (ஒருக்களித்துப் படுத்துக் காலை வீசுவது), ஸ்வானின் (குப்புறப் படுத்து மார்பை எழுப்புவது) முதல் படி.

முழு ரோல்-அப், அதாவது மல்லாந்த நிலையிலிருந்து முதுகை உருட்டி எழுந்து உட்காருவதை, செய்யச் சொன்னபோது பாதி வழியில் நின்று, கால்கள் தரையிலிருந்து எழும்பி, கையை வீசி உதறி எழுந்தாள். கீழ்முதுகு முள்ளெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்காமல் ஒரே கட்டையாக வருவதால் இப்படி ஆகிறது. தொடையிடுக்குத் தசை மட்டும் இழுக்கிறது. பாதத்தைச் சுற்றித் துப்பட்டாவைப் போட்டு இரு முனையையும் பிடித்து, உட்கார்ந்த நிலையிலிருந்து பாதி வரை மட்டும் பின்னால் சாய்ந்து திரும்பச் சொன்னதில் இரண்டு வாரத்தில் அசைவு வந்தது. முழு ரோல்-அப்பை அவள் இந்தப் பன்னிரண்டு வாரத்தில் ஒருமுறைகூடச் சுத்தமாகச் செய்யவில்லை. கபடிக்கு அது தேவையும் இல்லை.

பக்கவாட்டு உதையில் வழக்கமான தவறு மேல் இடுப்பு பின்னால் உருள்வது. முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி படுக்கவைத்து, பிட்டம் சுவரை விட்டு விலகினாலும் தவறு, அழுத்தினாலும் தவறு என்று சொன்னால் போதும். உதையின் நீளம் பாதியாகிவிடும், அது நல்லதே.

ஸ்வானில் ஐந்தாம் வாரம் பின்னடைவு. குறுவட்டப் போட்டி நெருங்கியதால் பள்ளியில் மாலைப் பயிற்சி இரண்டு மணி நேரமாக நீண்டது. அதே வாரம் பாயில் ஸ்வான் தொடங்கியது. முதுகு இறுக்கம் 3 வரை இறங்கியிருந்தது, மறுபடி 5-க்குப் போனது. கைகளை முழுதும் ஊன்றி எழும்பும்போது அவள் மேல்முதுகில் மடங்காமல் கீழ்முதுகின் ஓர் இடத்தில் மட்டும் மடங்கினாள். உயரம் நான்கு விரலுக்குக் குறைக்கப்பட்டது, நெற்றி தரையைப் பார்க்கும்படி, முன்கை ஊன்றி, மார்பெலும்பு முன்னால் நீள்வது மட்டும். அந்த வாரம் வகுப்பு நேரமும் பாதியானது. களத்தில் பாரம் ஏறும் வாரத்தில் பாயில் பாரம் ஏற்றக் கூடாது. பி.டி. சாரிடம் வாரத் திட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் விளையாட்டுப் பிள்ளைக்கு வகுப்பு நடத்துவது சரியல்ல.

நிமிர்வுக்கு இந்தக் கட்டத்தில் கொடுத்த ஒரே கட்டளை: "உச்சந்தலை மேல போகட்டும், கீழ்விலா அப்படியே இருக்கட்டும்." "நிமிர்ந்து நில்" என்பதை வீட்டிலும் பள்ளியிலும் நிறுத்தச் சொன்னோம். சுவரில் நின்று ரப்பர் பட்டையை இரு கையால் பக்கவாட்டில் இழுப்பது 12 முறை, விலா பிதுங்காத வரை மட்டும். குடம் இரண்டு நடைக்கு ஒருமுறை பக்கம் மாறியது.

பாயிலிருந்து களத்துக்கு

எட்டாம் வாரம் முதல் வகுப்பின் பாதி நேரம் நின்றபடி. பெண்கள் கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. அவ்வளவு நேரமும் வாய் ஓயாமல் பாட வேண்டும். இங்கேதான் பிலாட்டீஸ் மூச்சும் கபடி மூச்சும் சந்திக்கின்றன. பாடுவது என்பது நீண்ட வெளிமூச்சு. வயிற்றைப் பிதுக்கி மூச்சைப் பிடித்தால் குரல் நெரிபடும், "கபடி" "க்கடி"யாகும். ஆகவே குரலே அளவுகோல். விரல்நுனி தட்டும் பயிற்சியை முதலில் பாடிக்கொண்டு செய்யவைத்தோம், அடுத்து பிளாங்க் (முன்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராக நிறுத்துவது), பிறகு ஒற்றைக்கால் நிலை. எந்த இடத்தில் குரல் நெரிகிறதோ அந்த இடத்தில் பாரம் அதிகம். பிளாங்கில் முதலில் 6 விநாடியில் நெரிந்தது, பன்னிரண்டாம் வாரத்தில் 20 விநாடி தெளிவாக வந்தது.

ஒற்றைக்கால் வேலையைப் பாதத்திலிருந்து தொடங்க வேண்டும். இடது காலில் நின்றதும் ஐந்து விரலும் தரையைக் கவ்வி, வெளியோரத்தில் பாரம் விழுந்து, பெருவிரல் மேடு காற்றில் நின்றது. விரல் கவ்வுவது நிலை தவறுவதற்கு முந்தைய அடையாளம். குதிகால், பெருவிரல் மேடு, சுண்டுவிரல் மேடு மூன்றிலும் பாரம் சமமாக, விரல்கள் நீண்டு, முட்டி இரண்டாம் விரலுக்கு நேராக. இந்த நிலையில் மற்றக் காலைப் பின்னால் நீட்டி இடுப்பிலிருந்து குனிவது, அதாவது நாலுகால் நிலையில் டம்ளரோடு கற்ற அதே அசைவு, இப்போது நின்றபடி. இரு கையும் முன்னால், ரெய்டர் நிற்கும் கோலம். கூன் போடாமல் குனிய முடியும் என்பதை அவள் உணர்ந்தது இங்கே. ரெய்டர் குனிந்துதான் ஆக வேண்டும். இடுப்பில் குனிந்தால் கால் வேகமாகத் திரும்பும், முதுகில் குனிந்தால் திரும்பாது.

அடுத்து கால் நீட்டித் தொடுதல். நிற்கும் முட்டி மடங்கி, மற்றக் கால் முன்னால் நீண்டு, திரும்பி எழுவது. முதலில் சுவரைப் பிடித்து, பிறகு பிடிக்காமல், பிறகு பாடிக்கொண்டு, கடைசியில் பக்கவாட்டில் ஒருவர் ரப்பர் பட்டையால் இடுப்பை லேசாக இழுக்க. ஒரு பக்கத்துக்கு 6 முறை மூன்று சுற்று, சுற்றுக்கு நடுவே ஒரு நிமிடம். முட்டி உள்ளே விழத் தொடங்கினால் அந்தச் சுற்று முடிந்தது, எண்ணிக்கை பாக்கி இருந்தாலும். திண்ணைப் படியிலிருந்து ஒற்றைக்காலில் இறங்கி மூன்று விநாடி அசையாமல் நிற்பது பத்தாம் வாரத்தில் சேர்ந்தது. முதலில் சிமென்ட் தரை, பிறகு ஆடும் மண் தரை. மேட் போட்ட களத்தில் போட்டி என்றால் அதிலும் பழக வேண்டும், காலின் பிடிமானம் இரண்டிலும் ஒன்றல்ல.

போட்டி நாளில் வகுப்பு கிடையாது. எட்டுப் பத்து நிமிட அசைவு மட்டும்: மூச்சு, நாலுகால் நிலை, இடுப்பில் குனிதல், படியிறங்கல். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிக்கும் நீட்டல்கள் குதிக்கும் பலத்தைச் சற்று நேரத்துக்குக் குறைக்கும். அவை மாலைக்கு.

பன்னிரண்டாம் வாரம்

சுவர் இடைவெளி 4-லிருந்து 2 செ.மீ., விலா பிதுங்காமல். முட்டி-சுவர் இடது 7-லிருந்து 9.5. இடது காலில் ஒய் சோதனை 55, 84, 81. வலதில் 57, 86, 82. கூட்டுமதிப்பு இடது 89 சதவீதம், வலது 91. முன்திசை வித்தியாசம் 6-லிருந்து 2 செ.மீ. கண்மூடி இடது காலில் 19 விநாடி. மாலை இறுக்கம் 1 அல்லது 2. எட்டிக் குதிக்கும் உயரம் 33 செ.மீ.

இவற்றில் எதை நம்பலாம்? கணுக்கால் அளவும் முன்திசை வித்தியாசமும் ஒன்றோடொன்று பொருந்தி மாறியிருப்பதால் அவை வலுவானவை. குதிப்பில் கூடிய 2 செ.மீ. சாக்பீஸ் அளவீட்டின் பிசகுக்குள்ளேயே அடங்கும், அதை முன்னேற்றம் என்று அம்மாவிடம் சொல்லக் கூடாது. 30 மீட்டர் ஓட்ட நேரம் மாறவே இல்லை. வேகத்துக்கும் பாய்ச்சலுக்கும் பளு தூக்கி உட்காரும் பயிற்சியும் ஓட்டப் பயிற்சியும் வேண்டும், பிலாட்டீஸ் அவற்றின் இடத்தை எடுத்துக்கொள்ளாது. முதுகு இறுக்கம் குறைந்ததற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம்: குறுவட்டப் போட்டி முடிந்து பாரம் குறைந்தது, இரும்பு மாத்திரை, குடம் பக்கம் மாறியது. கீழ்முதுகு வலிக்குப் பிலாட்டீஸ் எதுவும் செய்யாமலிருப்பதைவிட மேல், ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட மேல் என்று முடிவாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்பதே பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு 2015-ல் வந்த காக்ரேன் மறுஆய்வின் நிலை. அது பெரியவர்களைப் பற்றியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைக்கூட அப்படியே பொருத்த முடியாது.

களத்தில் தெரிந்த மாற்றத்தை பி.டி. சார் தன் வார்த்தையில் சொன்னார்: "தொட்டுட்டு வர்றப்ப இப்பல்லாம் கை ஊன்றதில்ல." நாங்கள் தேடியதும் அதைத்தான்.

அடுத்த பருவத்துக்கு வகுப்பு வாரம் ஒன்று போதும், வீட்டுப் பயிற்சி 15 நிமிடம் மூன்று நாள்: நாலுகால் நிலை, இடுப்பில் குனிதல், கால் நீட்டித் தொடுதல், குதிகால் எழுப்பல். குதிகாலை ஒற்றைக்காலில் 20 முறை எழுப்பும்வரை ஏற்ற வேண்டும், இப்போது இடதில் 14. பள்ளியில் வாரம் இரண்டு நாள் பளுப் பயிற்சி தொடங்கச் சொல்லியிருக்கிறோம். மாவட்டப் போட்டிக்கு ஆறு வாரம் முன்பாக ஒய் சோதனையும் முட்டி-சுவர் அளவும் மறுபடி எடுக்க வேண்டும். முன்திசை வித்தியாசம் நான்கைத் தாண்டினால் புதுப் பயிற்சி எதுவும் சேர்க்காமல் கணுக்காலுக்கே திரும்ப வேண்டும். அம்மா மருத்துவரின் சீட்டோடு வந்தால் அவருக்குத் தனித் திட்டம், முதுகை உருட்டும் பயிற்சி எதுவும் இல்லாமல்.